கவுண்டி ஆபீஸில் எந்த வேலைக்கு எந்தக் கதவு

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் நானும் கவுண்டி என்றால் மாவட்டம், அதற்கு ஒரு கலெக்டர் இருப்பார், அவரிடம் மனு கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒருவர் கிடையாது.

மேலே இருப்பது மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு குழு. கலிஃபோர்னியாவில் சூப்பர்வைசர்கள் என்பார்கள், பெரும்பாலும் ஐந்து பேர். டெக்சாஸில் கமிஷனர்ஸ் கோர்ட்; பெயரைக் கேட்டு நீதிமன்றம் என்று நினைக்காதீர்கள், ஒரு கவுண்டி ஜட்ஜும் நாலு கமிஷனர்களும் உட்கார்ந்து பட்ஜெட் போடுகிற சபை அது. லூசியானாவில் கவுண்டிக்கே பேரிஷ் என்று பெயர். கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் கவுண்டி அரசே இல்லை.

ஆனால் இந்தக் குழு எல்லாருக்கும் மேலதிகாரி அல்ல. கவுண்டி போலீஸின் தலைவரான ஷெரிஃப், சொத்து மதிப்பு போடும் அசெசர், குற்ற வழக்குகளை அரசு சார்பில் நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி எல்லாம் பல மாநிலங்களில் தனித்தனியே ஓட்டு வாங்கி வருகிறவர்கள். குழு அவர்களுக்குப் பணம் ஒதுக்கும், ஆனால் அவர்களை நினைத்தபடி வேலையை விட்டுத் தூக்க முடியாது. அதனால் ஷெரிஃப் மேல் புகார் என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மட்டும் சும்மா இருந்துவிடாதீர்கள், ஷெரிஃப் ஆபீஸிலும் எழுத்தில் கொடுங்கள்.

எதற்கும் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வீடு நகர எல்லைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது. தபால் முகவரியில் இருக்கிற ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரிய குழி விழுந்தபோது முகவரியைப் பார்த்து நான் நகராட்சிக்குத்தான் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா வரைபடத்தை விரித்து எல்லைக்கோட்டின் மேல் விரலை வைத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் வீடு, சாலை கவுண்டியுடையது என்று காட்டினார். நகர எல்லைக்கு வெளியே சாலை, கட்டட அனுமதி, ரோந்து எல்லாமே பொதுவாக கவுண்டியின் பொறுப்பு. உள்ளே இருந்தாலும் தேர்தல், பத்திரப் பதிவு, சிறை, பொதுச் சுகாதாரம், சொத்து வரி ஆகியவை பெரும்பாலும் கவுண்டியிடம்தான்.

சொத்து வரியில்தான் நிறையப் பேர் அலைகிறார்கள். கலிஃபோர்னியாவில் மதிப்பு போடுவது அசெசர், கணக்குப் போடுவது ஆடிட்டர், வாங்குவது டாக்ஸ் கலெக்டர். மதிப்பு அதிகம் என்று டாக்ஸ் கலெக்டரிடம் சண்டை போட்டுப் பலன் இல்லை, அசெசரிடம் பேசுங்கள், ஒத்துவரவில்லை என்றால் அப்பீல். அப்பீல் நடந்தாலும் வரியை நாளுக்குள் கட்டிவிடுங்கள். முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10 கடைசி நாள், தவறினால் 10 சதவீதம் அபராதம். அப்புறம், கட்டுகிற பணம் முழுதும் கவுண்டிக்குப் போவதில்லை. அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம், நகராட்சி, தீயணைப்பு மாதிரி வேறு பலருக்கும் சேர்த்துத்தான் வசூல் செய்து பிரித்துக் கொடுக்கிறார்கள்.

குழுக் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும் என்பது சட்டம். அதில் உங்கள் விஷயத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், அதனால் தெருப் பெயர், தேதி, என்ன வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, போட்டோவை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.