டிராகன் பழ விதையை முளைக்கவிடாத தும்புத்தூள்

வெள்ளவத்தை மொட்டைமாடியில், தும்புத்தூள் (தேங்காய் மட்டைத் தூள்) நிரப்பி டிராகன் பழ விதை போட்ட தட்டு 3 வாரம் ஈரமாகவே இருந்தது. ஒரு விதைகூட முளைக்கவில்லை. வழவழப்பு போகக் கழுவினேன், வேறு பழத்து விதை போட்டேன், பூஞ்சண மருந்தும் தெளித்தேன். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பென்று குழாய்த் தண்ணீருக்கு மாறியும் அப்படியேதான்.

கடைசியில் அந்த முளைக்காத விதைகளையே பொறுக்கிக் கழுவி ஈர டிசுவில் வைத்தேன். 6ஆம் நாள் வெள்ளை வேர்! விதை சாகவில்லை, தும்புத்தூளில் இருந்த உப்புதான் அதைத் தண்ணீர் உறிஞ்ச விடவில்லை, வறட்சியில் கிடப்பது போலத்தான். தும்புத்தூள் ஊறிய நீரை ஈசி மீட்டரில் (நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் கருவி) பார்த்தால் சென்டிமீட்டருக்கு 3.8 மில்லிசீமென்ஸ். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளாக இருக்கும்.

நல்ல தண்ணீரில் 3 தரம் ஊறவைத்துப் பிழிந்ததும் 0.6. விதையை மேலாகத் தூவி, வெளிச்சம் படவேண்டுமென்பதால் மண் போடாமல் பொலித்தீனால் மட்டும் மூடினேன். 8 நாளில் தட்டு முழுக்கப் பச்சை.