கப்பல் டெக் வேலைக்குப் போகிறீர்களா? கோர்ஸுக்கு முன்னால் கண்

கப்பலில் டெக் வேலை, அதாவது மேல்தளப் பணி, தேடுபவர்கள், அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள், அதிலும் நிறப் பார்வைச் சோதனையை முதலில் முடியுங்கள். இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதன் இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் வைத்துக் கணிக்க வேண்டும். அதனால் நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவரைக் சுற்றிலும் என்ன வருகிறது என்று கண்காணிக்கும் காவல் பணியில் நிறுத்த மாட்டார்கள். இந்தக் குறை இருப்பதே பலருக்குத் தெரியாது, கோர்ஸ் முடித்த பிறகு தெரிந்தால் கட்டிய பணம் போனதுதான். மொபைலில் நிறப் புள்ளிகளுக்குள் எண் தேடும் படத்தைப் பார்த்துவிட்டு 'எனக்கு ஓகே' என்று சொல்வதெல்லாம் கணக்கில் வராது, கடல்சார் நிர்வாகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதற்காக ரொம்ப முன்னாடியே வாங்கி வைக்கவும் வேண்டாம், மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் 2 வருடம்தான் செல்லும், 18 வயதுக்குக் கீழே என்றால் 1 வருடம்.

சமையல், கேபின் பக்கம் போகிறவர்களுக்கு நிறப் பார்வை இவ்வளவு முக்கியமில்லை. ஆறு, துறைமுகத்துக்குள் மட்டும் ஓடும் படகுகளுக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும், வேலைக்கு எடுக்கிறவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வேலை வாங்கித் தர ஏஜென்ட் கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள், 2006 சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி கடலோடியிடம் அதை வாங்கக் கூடாது. வேலைக்குச் சேர்க்கும் செலவில் மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம் (கடலோடிக்கான அடையாள ஆவணம்), இவை மட்டும் உங்கள் தலையில் விழலாம்.