டைட் எண்டை எடைபோடுவது எப்படி? பந்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்

2020 ஜனவரி 19 அன்று அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஒரு பிரிவு இறுதியான என்எஃப்சி சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி கிரீன் பே பேக்கர்ஸை 37-20 என்று தோற்கடித்தது. வென்ற அணியின் டைட் எண்ட் (எதிராளியை மறிப்பது, பந்து பிடிப்பது என்று இரண்டு வேலையும் உள்ளவர்) ஜார்ஜ் கிட்டில் அன்று பிடித்த பந்து ஒன்றே ஒன்று, அதில் கிடைத்தது 19 யார்டு. ஸ்கோர் விவரத்தை மட்டும் படித்த எவரும் “இவருக்கு இன்றைக்கு வேலையே இல்லை போல” என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதே விவரத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்பலோ மொத்தமே 8 முறைதான் பந்தை எறிந்தார். மீதி எல்லாம் ஓட்டம். ரஹீம் மோஸ்டர்ட் தனியாளாக 220 யார்டு ஓடினார், அணி மொத்தம் 285. அந்த ஓட்டத்துக்கு வழி திறந்துவிட்டவர்களில் கிட்டிலும் ஒருவர். அவர் செய்த அந்த வேலைக்கு ஸ்கோர் அட்டையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். விக்கெட் கீப்பர் அடித்த ரன் பலகையில் ஏறிவிடும். லெக் பக்கம் விலகிப்போன பந்தை நாள் முழுக்கத் தாவித் தாவி நிறுத்தியதை யார் எழுதி வைக்கிறார்கள்? டைட் எண்டின் பாடும் அதேதான். அதனால் அவரை எடைபோட நாமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில், இந்த ஆள் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் 11 பேரில் குறைந்தது 7 பேர் பந்து கிடக்கும் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். அந்த வரிசையின் இரண்டு ஓரத்தில் நிற்பவர்களும், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும்தான் எறிந்த பந்தைப் பிடிக்கலாம். நடுவில் நிற்கும் ஐந்து பெரிய உடம்புக்காரர்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்களை ஒட்டி, வரிசையின் ஓரத்தில் நிற்பவர் டைட் எண்ட். பெரிய உடம்புக்காரர்களின் வேலையும் அவருக்கு உண்டு, பந்து பிடிக்கும் உரிமையும் உண்டு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கோட்டின் மேல் அவருக்கும் வெளியே இன்னொரு ரிசீவர் (பந்து பிடிப்பதே வேலையானவர்) வந்து நின்றுவிட்டால் ஓரம் என்ற தகுதி அவருக்குப் போய்விடும், பந்து பிடிக்க ஓடக் கூடாது. “ஏன் இவர் ஓடவே இல்லை?” என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பும் சில இடங்களுக்கு இதுதான் காரணம்.

படி 1: முழு ஆட்டத்தை எடுங்கள், தொகுப்பை வேண்டாம்

ஐந்து நிமிடத் தொகுப்பு வீடியோவை வைத்து டைட் எண்டை எடைபோடாதீர்கள். அதில் அவர் பிடித்த பந்து மட்டும்தான் இருக்கும். முழு ஆட்டம் ஒன்று போதும். அதை இரண்டு தடவை பார்க்க வேண்டும், முதல் தடவை பிளாக்கிங்குக்கு (எதிராளியை மறிப்பது), இரண்டாம் தடவை ரிசீவிங்குக்கு (பந்து பிடிப்பது). இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்க முயன்றால் கண் பந்துக்கே போய்விடும். நான் பல வாரம் அப்படித்தான் ஏமாந்தேன்.

டிவி ஒளிபரப்பிலேயே பிளாக்கிங் ஓரளவு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது கோட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது. பந்து பிடிக்க ஆழமாக ஓடும் பாதை, அதாவது ரூட்தான் திரைக்கு வெளியே போய்விடும். 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் ‘ஆல்-22’ வீடியோ கிடைத்தால் அந்தக் குறை தீரும். அதில் பக்கவாட்டுக் கோணம், கோல் பக்கக் கோணம் என்று இரண்டு உண்டு. ரூட்டுக்கு முதலாவது, பிளாக்கிங்குக்கு இரண்டாவது. கை எங்கே பட்டது என்பது பக்கவாட்டில் தெரியவே தெரியாது.

படி 2: ஸ்னாப்புக்கு முன்னால் அவர் எங்கே நிற்கிறார்?

ஸ்னாப், அதாவது பந்து பின்னால் கைமாறி ஆட்டம் தொடங்கும் நொடிக்கு முன்பே வீடியோவை நிறுத்தி ஆளைத் தேடுங்கள். டேக்கிளுக்கு (அந்த ஐந்து பெரிய உடம்புக்காரர்களில் ஓரத்தில் நிற்பவர்) பக்கத்தில் கையைத் தரையில் ஊன்றி நிற்கிறாரா? டேக்கிளுக்கு ஒரு எட்டு பின்னால், சற்றே வெளியே நிற்கிறாரா? இல்லை, ரிசீவர் மாதிரி ஸ்லாட்டில், அதாவது வரிசைக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவில் உள்ள இடத்தில், தள்ளி நிற்கிறாரா? முதல் குவார்ட்டர் (ஆட்டத்தின் முதல் கால் பகுதி) முழுக்க இதை மட்டும் எழுதினாலே அணி அவரை எதற்கு வைத்திருக்கிறது என்பது விளங்கிவிடும். இருபது தடவையில் பதினைந்து தடவை ஸ்லாட்டில் நிற்கிறவரை “பிளாக்கிங் தெரியாதவர்” என்று திட்டுவது நியாயமில்லை. அவரிடம் அந்த வேலையைக் கேட்கவே இல்லை.

படி 3: பிளாக்கிங், காலிலிருந்து மேலே

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். பிளாக் என்றால் எதிராளியைப் பிடிக்காமல் மறித்து, தள்ளி, பந்து வைத்திருப்பவரின் வழியிலிருந்து விலக்கி வைப்பது. ஜெர்சியைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங் தவறு, 10 யார்டு பின்னால் போக வேண்டும்.

எல்லோரும் முதலில் மோதலைப் பார்ப்பார்கள். நீங்கள் முதல் இரண்டு எட்டைப் பாருங்கள். ஓட்டம் வெளிப்பக்கமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டைட் எண்ட் எதிராளியின் வெளித் தோள் பக்கம் சுற்றிப் போய் மறித்தாக வேண்டும். அதற்கு முதல் எட்டு பக்கவாட்டில் போக வேண்டும். நேராக முன்னால் வைத்துவிட்டால் எதிராளி வெளிப்பக்கம் நழுவிவிடுவார், அப்புறம் எத்தனை பலம் இருந்தும் பயனில்லை. பிளாக் தோற்கும் இடம் பெரும்பாலும் மோதலுக்கு முன்பே இருக்கிறது.

அடுத்தது உயரம். மோதும் நொடியில் படத்தை நிறுத்தி, யாருடைய தோள் கீழே இருக்கிறது என்று பாருங்கள். முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, முதுகு நேராக இருப்பவர் ஜெயிப்பார். கபடியில் நிமிர்ந்து நிற்பவனை லேசாகக் கவிழ்த்துவிடலாம் என்று நமக்குத் தெரியும்தானே, இதுவும் அதே கணக்குத்தான். டைட் எண்டுகள் உயரமானவர்கள் என்பதால் பலருக்கும் இதுதான் தீராத நோய். இடுப்பை மடக்காமல் தலையை மட்டும் குனிந்து பாய்கிறவரைக் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள். எதிராளி ஒதுங்கினால் அவர் முகம் தரையில்தான் போய் விழும்.

பிறகு கை. உள்ளங்கைகள் எதிராளியின் மார்புக்கு நடுவில், முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தால் நல்லது. கை அகன்று அவருடைய தோளுக்கு வெளியே போய்விட்டால் பிடி நழுவும், நடுவரின் கொடியும் விழலாம்.

கடைசியாகக் கால். மோதிய பிறகு கால் ஓடிக்கொண்டே இருக்கிறதா, இல்லை நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுவிடுகிறதா? புதிய ஆட்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை இது. மோதல் பிரமாதமாக இருக்கும், சத்தம்கூடக் கேட்கும். ஒரு நொடிக்கு அப்புறம் கால் நின்றுவிடும், எதிராளி உதறிவிட்டுப் போய் ஆளைப் பிடித்துவிடுவார்.

எதிரே நிற்பவர் யார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் 120 கிலோ டிஃபென்சிவ் எண்டைத் தனியாக மறிப்பதும், ரிசீவர்களைக் காக்க நின்று ஓடி வரும் கார்னர்பேக்கை வெளியே மறிப்பதும் ஒன்றல்ல. முன்னதில் எதிராளியை ஒரு எட்டு பின்னால் தள்ளாவிட்டாலும் பரவாயில்லை, நகரவிடாமல் நின்றாலே முழு மதிப்பெண் கொடுக்கலாம். டேக்கிளோடு சேர்ந்து ஒருவரைத் தள்ளிவிட்டு, சரியான நேரத்தில் பிரிந்து, தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரிடம் போவது இன்னொரு வகை. அங்கே பலத்தைவிட நேரம்தான் முக்கியம். சீக்கிரம் விட்டால் முதல் ஆள் தப்புவார், தாமதித்தால் லைன்பேக்கர் பாய்ந்துவிடுவார்.

எதிராளியைக் கீழே தள்ளி மேலே விழுவது பார்க்க நன்றாக இருக்கும், அரங்கமும் கத்தும். நான் அதற்குத் தனி மதிப்பெண் போடுவதில்லை.

பாஸ் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கைக் காக்க அவரை நிறுத்துவது குறைவு. நிறுத்தினால், பின்வாங்கும்போது எதிராளிக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவில் உடம்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ரூட் ஓடுவதற்கு முன் டிஃபென்சிவ் எண்டைத் தோளால் ஒரு இடி இடித்துவிட்டுப் போவதும் உண்டு, அதைச் சிப் என்பார்கள். சின்ன வேலைதான், டேக்கிளுக்குப் பெரிய உதவி.

படி 4: இப்போது ரிசீவிங்

இரண்டாம் தடவை பார்க்கும்போதும் பந்து கைக்கு வருவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கோட்டிலிருந்து எப்படிக் கிளம்புகிறார்? எதிரே நிற்பவர் கை வைத்துத் தடுப்பார். அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓரிரு எட்டுக்குள் விடுபடுகிறாரா, இல்லை சிக்கிக்கொள்கிறாரா? குவார்ட்டர்பேக்குக்கு மூன்று நொடிதான் இருக்கும். அதில் ஒரு நொடியைக் கோட்டிலேயே தொலைத்தால் அந்த ரூட் செத்த ரூட்.

அடுத்து திரும்பும் இடம். திரும்பப் போவதைத் தோளும் தலையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறதா? வேகம் குறைகிறதா? திரும்பிய உடனே முகம் குவார்ட்டர்பேக் பக்கம் வருகிறதா?

இங்கே தற்காப்பு எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். டிஃபென்டர் குவார்ட்டர்பேக்குக்கு முதுகு காட்டி ஆளைத் துரத்தினால் அது மேன் கவரேஜ், விலகி ஓடுவதுதான் திறமை. எல்லோரும் குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடி இடத்தைக் காத்தால் அது ஸோன். அங்கே இரண்டு பேருக்கு நடுவில் வெற்றிடம் பார்த்து நின்றுவிடுவதுதான் திறமை. இதில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் டிராவிஸ் கெல்சியை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கருத்து. பள்ளிக் காலத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர், அதனால் எறிபவர் எதைத் தேடுவார் என்று தெரிந்து போய் நிற்கிறார் என்று தோன்றும். 2020-இல் அவர் எடுத்த 1,416 யார்டு, ஒரு சீசனில் டைட் எண்டுக்கான சாதனை.

பிடிப்புக்கு வருவோம். பந்தை உடம்புக்கு முன்னால் கையால் பிடிக்கிறாரா, மார்பில் மோதவிட்டு அணைத்துக்கொள்கிறாரா? மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். ஆள் மேலே ஏறி நிற்கும்போது பிடிப்பது தனிக் கலை. சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்கு ஆடிய அன்டோனியோ கேட்ஸ் கல்லூரியில் கால்பந்தே ஆடவில்லை, கூடைப்பந்துதான். 2003-இல் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) யாரும் அவரை எடுக்கவில்லை. கூடைக்குக் கீழே இடம் பிடிப்பதுபோல எதிராளியை முதுகால் மறைத்துப் பிடித்துப் பிடித்தே 116 டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) சேர்த்தார். இன்றுவரை டைட் எண்டுகளில் அதுதான் அதிகம்.

பிடித்த பிறகு என்ன செய்கிறார் என்பதற்குக் கிட்டிலின் இன்னொரு ஆட்டத்தைப் பாருங்கள். 2019 டிசம்பர் 8, நியூ ஆர்லீன்ஸ் செயின்ட்ஸோடு. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறது, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள், நான்காவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசி), 2 யார்டு தேவை. சின்னப் பந்து ஒன்றைப் பிடித்து, முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு 39 யார்டு போனார். 48-46 என்று வென்றார்கள்.

படி 5: இரண்டு மதிப்பெண், இரண்டு பக்கம்

ஒவ்வொரு ஆட்ட அசைவுக்கும் கூட்டல், கழித்தல், சுழியம் என்று மூன்றில் ஒன்று போதும். பத்துக்கு ஏழரை என்றெல்லாம் போட ஆரம்பித்தால் இரண்டாம் குவார்ட்டரில் தூங்கிவிடுவீர்கள். மாதிரிக்கு ஒரு வரி: “2ஆம் குவார்ட்டர், முதல் டவுன். வலது டேக்கிள் பக்கம், கை தரையில். வெளி ஓட்டம். எதிரே டிஃபென்சிவ் எண்ட், தனியாக. முதல் எட்டு சரி, கை சரி, கால் நின்றது. கழித்தல்.” பந்தோடு ஓடியவர் 12 யார்டு போய்விட்டாலும் அது கழித்தல்தான். ரிசீவிங்கில் பந்தே வராவிட்டாலும் நல்ல ரூட்டுக்குக் கூட்டல் போடுங்கள். எட்டாத பந்து கை தவறிப்போனால் சுழியம், கையில் பட்டு நழுவினால் கழித்தல்.

பிளாக்கிங்கையும் ரிசீவிங்கையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்தால்தான் ஆள் தெரிவார். 2017 டிராஃப்டின் முதல் சுற்றில் மூன்று டைட் எண்டுகள் போனார்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் அதிகம் பந்து பிடிக்காத கிட்டிலை ஐந்தாம் சுற்றில், 146-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் 1,377 யார்டு எடுத்தார். பந்து வராத ஆளிடம் ரிசீவிங் இல்லை என்று முடிவு கட்டுவது அத்தனை சுலபம்.

ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், குறைந்தது மூன்று ஆட்டம் பாருங்கள். அதில் ஒன்று அணி தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அந்த ஜனவரி ஆட்டத்தையே எடுங்கள். 85-ஆம் எண் ஜெர்சியைக் கண்டுபிடித்து, மோஸ்டர்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் முதல் பாதியை முடித்துவிடுங்கள். யார் டச்டவுன் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ரீப்ளே இருக்கிறது.