சல்காட்டா ஆமைகள் சண்டை போடுகின்றனவா? பிரித்து வளர்ப்பது இப்படி

முதலில் சட்டம். இந்திய நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் சொல்வது ஆப்பிரிக்கச் சல்காட்டாவைப் பற்றி. இந்தியாவில் அதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும்.

1. எது அடிக்கிறது என்று பாருங்கள். இடிப்பதும் காலைக் கடிப்பதும் எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாத சண்டைதான் கண்ணில் படாது. ஒன்று தீனிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், இன்னொன்று மூலையை விட்டு வெயிலுக்கே வராது. இரண்டு ஆமை மட்டும் இருக்கும் வீடுகளில் இதுதான் அதிகம் நடக்கிறது. ஒன்று பெருத்துக்கொண்டே போகும், மற்றது அப்படியே நிற்கும்.

2. உடனே பிரியுங்கள். காயம் இருந்தால் பெட்டாடினை இளந்தேநீர் நிறத்துக்குக் கலக்கிக் கழுவி, ஈ மொய்க்காமல் வீட்டுக்குள் வையுங்கள். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். ஆழமான காயம் என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

3. தடுப்புச் சுவர். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். கம்பி வலை சரிப்படாது. எதிராளி கண்ணுக்குத் தெரியும்வரை ஆண் ஆமை விடாது. என்னுடைய இரண்டு ஆண்களும் வலை இருந்தவரை நாள் முழுக்க அதையே முட்டிக்கொண்டிருந்தன, மூக்கு தேய்ந்து சிவந்துவிட்டது. ஹாலோ பிளாக் வைத்து இரண்டடி உயரத்துக்கு மறைத்த பிறகுதான் இரண்டும் மேயவே தொடங்கின. மண்ணுக்குள்ளும் ஓரடி இறக்குங்கள், சல்காட்டா நன்றாகக் குழி தோண்டும். பலகையை விட எனக்கு ஹாலோ பிளாக்தான் பிடிக்கும், முட்டினாலும் அசையாது.

ஆணுக்குக் கழுத்தடியில் ஓட்டின் முனை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதை எதிரியின் அடியில் கொடுத்து நெம்பிப் புரட்டிவிடும். வெயிலில் மல்லாந்து கிடக்கும் ஆமை சூடேறிச் செத்துப்போகும். அதனால் பிரிக்காமல் வெளியே போகவே போகாதீர்கள்.

4. பெண் ஆமைகளை ஒன்றாக வைத்தால் தீனியை மூன்று நான்கு இடங்களில் போடுங்கள். அருகம்புல்லை ஒரே குவியலாகக் கொட்டினால் பெரியது மற்றதை நெருங்க விடாது. ஒளிந்துகொள்ளும் இடமும் ஆளுக்கு ஒன்றாவது வேண்டும்.

5. வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். கேமரா வாங்குகிற காசுக்கு நல்ல எடை மெஷின் வாங்கலாம். யார் ஒடுங்கிப் போகிறார்கள் என்று அதுதான் முதலில் காட்டும்.

பின்சேர்க்கை: 'கொஞ்ச நாள் கழித்து இரண்டு ஆணையும் சேர்க்கலாமா?' என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். நிரந்தரமாகப் பிரித்தே வையுங்கள். தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று பயப்படவும் வேண்டாம், இதற்குத் துணை தேவையில்லை. ஒரே ஈட்டில் பிறந்த குட்டிகளுக்கும் இதே கதைதான். வளர்ந்து ஆண் என்று தெரிந்ததும் தனி இடம் தயாராக இருக்கட்டும்.