40 சுற்று பெட்ரோவுக்குப் பின்னால்: டயர் வியூகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 நவம்பர் 14, அபுதாபியின் யாஸ் மரினா. ஃபார்முலா 1 பருவத்தின் கடைசிப் பந்தயம், மொத்தம் 55 சுற்று. 15வது சுற்றில் ஃபெராரி அணி ஃபெர்னாண்டோ அலோன்சோவை டயர் மாற்ற உள்ளே கூப்பிட்டது. அப்போது அவர் 4வது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அதே இடத்தில் முடித்தாலே உலகப் பட்டம் அவருக்கு. டயர் மாற்றி வெளியே வந்தபோது முன்னால் விட்டாலி பெட்ரோவின் ரெனோ கார் ஓடிக்கொண்டிருந்தது. மீதி 40 சுற்றும் அந்தக் காரைத் தாண்ட முடியவில்லை. 7வதாக முடித்தார். 4 புள்ளியில் பட்டம் போயிற்று.

பிட் ஸ்டாப் (டயர் மாற்ற, ஓடுபாதையோரம் அணி காத்திருக்கும் பிட் பகுதிக்குள் வந்து நிற்பது) முடிவுகளில் எங்கே சறுக்குகிறார்கள் என்று புரிந்துகொள்ள இந்தப் பந்தயம் ஒன்றே போதும் என்பேன். அன்று ஃபெராரி செய்த எதுவும் முட்டாள்தனம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்றைய கணக்கு இது. அலோன்சோ 246, மார்க் வெப்பர் 238, செபாஸ்டியன் வெட்டல் 231, லூயிஸ் ஹாமில்டன் 222. வெற்றிக்கு 25 புள்ளி என்பதால் நால்வருக்குமே வாய்ப்பு இருந்தது. வெட்டல் முதல் வரிசையில் முதலாவதாகக் கிளம்பினார். அவர் ஜெயித்தால் 256. அலோன்சோ 4வதாக வந்தால் 258. 5வதாக வந்தாலோ இருவரும் 256. சமநிலையை உடைக்கும் விதிப்படி பட்டம் வெட்டலுக்குப் போயிருக்கும். ஆக, ஃபெராரியின் வேலை ஒரே வரியில் அடங்கியது: 4வது இடத்தை விடாதே.

அந்த ஆண்டில்தான் பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்புவது தடை செய்யப்பட்டது. பிட்டுக்குள் வருவது டயருக்காக மட்டும் என்றானது. மழையில்லாத பந்தயத்தில் மென்மையானது, கடினமானது என இரண்டு ரக டயரையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற விதி இருந்ததால், எல்லோரும் குறைந்தது ஒருமுறை நிறுத்த வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதுதான் முழு விளையாட்டும்.

யாரோடு போட்டி என்பதை மறப்பது

11வது சுற்றில் வெப்பர் உள்ளே போனார். ஃபெராரியின் கண் முழுக்க அவர் மேல்தான். புள்ளிப் பட்டியலில் அடுத்த ஆள் அவர். சாலையிலும் அலோன்சோவுக்கு நேர் பின்னால் 5வதாக ஓடிக்கொண்டிருந்தவர். முன்கூட்டியே புது டயர் போட்டவர் வேகமாக ஓட்டி, பிறகு நிறுத்துபவரைத் தாண்டிவிடுவதற்கு அண்டர்கட் என்று பெயர். வெப்பர் அதைச் செய்துவிடுவார் என்று ஃபெராரி பயந்தது. 13வது சுற்றில் முதலில் தங்கள் இன்னொரு ஓட்டுநரான ஃபெலிப்பே மாசாவைக் கூப்பிட்டார்கள். அவரால் வெப்பருக்கு முன்னால் வெளியே வர முடியவில்லை. உடனே 15வது சுற்றில் அலோன்சோ. வெப்பருக்கு முன்னால் வந்தார். திட்டம் அச்சுப் பிசகாமல் நிறைவேறியது.

நிறைவேறியும் பட்டம் போனது, ஏனென்றால் பட்டத்தை எடுத்துக்கொண்டு போன ஆள் வெட்டல். அவர் முன்னால் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தார். வெப்பரைத் தடுத்ததால் வெட்டலின் கணக்கில் ஒரு புள்ளியும் குறையவில்லை. கடைசியில் அலோன்சோ 7, வெப்பர் 8. காவல் காத்த ஆளைக் காவல் காத்தாயிற்று, வீடு வேறு பக்கம் திறந்து கிடந்தது.

இந்தத் தவறு ஃபெராரிக்கு மட்டும் உரியதல்ல. 2007-ல் ஷாங்காயில் மெக்லாரன் செய்ததும் இதே வகைதான். ஹாமில்டனின் முதல் பருவம் அது. இரண்டே பந்தயம் மீதி இருக்க, ஹாமில்டன் 107, அதே அணியின் அலோன்சோ 95, ஃபெராரியின் கிமி ரைக்கோனன் 90. அப்போது ஒரு வெற்றிக்கு 10 புள்ளிதான். ஈரமான சாலையில் பந்தயம் தொடங்கியது. முதல் பிட் ஸ்டாப்பில் ஹாமில்டனின் ஈர டயரை மாற்றாமலே அனுப்பினார்கள். சாலை காயக் காய அந்த டயர் தேய்ந்து, உள்ளிருக்கும் துணி அடுக்கு வெள்ளையாகத் தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. ரைக்கோனன் தாண்டிப் போனார். அப்போதும் ஹாமில்டனை வெளியே வைத்திருந்தார்கள். கடைசியில் பிட்டுக்குத் திரும்பும் சிறிய வளைவில், மெதுவாக வந்த கார் பிடிமானமில்லாமல் சறுக்கிச் சரளையில் புதைந்தது. பந்தயத்துக்குப் பிறகு அணித் தலைவர் ரான் டென்னிஸ், தாங்கள் ரைக்கோனனோடு போட்டி போடவில்லை, அலோன்சோவோடுதான் போட்டி போட்டோம் என்ற பொருளில் பேசினார். அடுத்த பந்தயம் பிரேசில். முடிவு: ரைக்கோனன் 110, ஹாமில்டன் 109, அலோன்சோ 109.

17 புள்ளி பின்தங்கியிருந்தவரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டதற்கு இவ்வளவு பெரிய விலை.

எங்கே வெளியே வருவோம் என்று பார்க்காதது

என்னைக் கேட்டால் அபுதாபியின் மிகப் பெரிய தவறு இதுதான், வெப்பர் விவகாரம்கூட இரண்டாவதுதான்.

முதல் சுற்றிலேயே மைக்கேல் ஷூமாக்கரின் கார் சுழன்று நின்றது. லியூட்சியின் கார் அதன் மேல் ஏறியது. விபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தது. எல்லோரும் மெதுவாகப் போகும்போது பிட்டுக்குள் நுழைந்தால் இழக்கும் நேரம் குறைவு. நிக்கோ ரோஸ்பெர்க், பெட்ரோவ், அல்குவெர்சுவாரி ஆகியோர் அப்போதே உள்ளே போய்க் கடினமான ரகத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்களுக்கு மறுபடி நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. பின்வரிசையில் ஓடினாலும், மற்றவர்கள் நிறுத்தும்போது தானாக முன்னேறிவிடுவார்கள். இது எந்த ரகசியமும் இல்லை. எல்லா அணிகளின் திரையிலும் இருந்த தகவல்.

அலோன்சோ 15வது சுற்றில் உள்ளே போனால், வெளியே வரும்போது ரோஸ்பெர்க்கும் பெட்ரோவும் முன்னால் இருப்பார்கள். இன்னும் நிறுத்தாத ராபர்ட் குபிட்சாவும் முன்னால்தான். அவர் 46வது சுற்று வரை நிறுத்தவே இல்லை. இவர்களைச் சாலையில் தாண்ட முடியுமா? யாஸ் மரினாவின் அன்றைய அமைப்பில் ஒரு காரை ஒட்டிப் பின்தொடர்வதே கஷ்டம். பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டும் டிஆர்எஸ் வசதி 2011-ல்தான் வந்தது. போதாக்குறைக்குப் பெட்ரோவின் ரெனோ நேர்ப்பாதையில் நல்ல வேகம். வளைவுகளில் அலோன்சோ நெருங்குவார், நேர்ப்பாதையில் ரெனோ விலகும். அந்த 40 சுற்றும் இதேதான். பெட்ரோவுக்கு அது முதல் பருவம், ஆனாலும் ஒரு பிழைகூடச் செய்யாமல் ஓட்டினார். அவர் வழிவிட்டிருக்க வேண்டும் என்று அன்று பலர் பேசியதை நான் ஏற்கவே மாட்டேன். தன் இடத்தைக் காப்பது அவர் வேலை.

அலோன்சோவின் பொறியாளர் ஆண்ட்ரியா ஸ்டெல்லா, உன் திறமை முழுவதையும் காட்டு என்று வானொலியில் உற்சாகமூட்டினார். இன்று மெக்லாரன் அணியின் தலைவராக இருக்கும் அதே ஸ்டெல்லாதான். ஆனால் அந்த நேரத்தில் திறமையால் செய்ய ஒன்றுமில்லை. ஹாமில்டன்கூட அதே பந்தயத்தில் குபிட்சாவுக்குப் பின்னால் வெகுநேரம் மாட்டிக்கொண்டார்.

ஆகவே பிட்டுக்குக் கூப்பிடுமுன் பார்க்க வேண்டியது புது டயர் எத்தனை நொடி வேகம் கொடுக்கும் என்பதை மட்டுமல்ல. அந்த வேகத்தைப் பயன்படுத்தக் காலியான சாலை இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பின்னால் வரும் கார்களுக்கும் நமக்கும் இடையே பிட்டில் செலவாகும் நேரத்துக்குச் சமமான இடைவெளி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியே ஆக வேண்டும்.

டயர் செத்துவிட்டது என்று அவசரப்படுவது

அப்படி ஓட்டியிருக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. வெப்பரின் டயர் படும் பாட்டைப் பார்த்துத்தான் ஃபெராரி பதறியது. மென்மையான டயரில் கிரெய்னிங் என்றொரு கோளாறு வரும். பக்கவாட்டு இழுப்பில் ரப்பர் மேற்பரப்பு கிழிந்து, சிறுசிறு திரிகளாக உருண்டு, டயரிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது டயர் சாலையைத் தொடாமல் அந்தத் திரிகளின் மேல் உருள்வது போலாகிவிடும், பிடிமானம் சட்டென்று குறையும். ஆனால் ஓட்டுநர் பொறுமையாக ஓட்டினால் திரிகள் தேய்ந்து உதிர்ந்து டயர் மறுபடி சரியாவதுண்டு. தேய்மானம் அப்படியில்லை, போன ரப்பர் போனதுதான்.

அன்று வெட்டல் அதே மென்மையான டயரில் 24வது சுற்று வரை ஓடினார். ஜென்சன் பட்டன் 39வது சுற்று வரை ஓட்டி 3வதாக முடித்தார். டயரில் உயிர் இருந்தது. ஒரு காரில் தெரிந்த அறிகுறியை வைத்து இன்னொரு காருக்கு மருந்து எழுதியதுதான் பிசகு.

இதன் மறுபக்கம் இன்னும் கொடுமையானது. 1986 அடிலெய்டு. நைஜல் மான்செல் 3வதாக வந்தால் பட்டம். பந்தயத்தின் முதல் பாதியிலேயே அலான் ப்ரோஸ்ட்டின் டயர் பஞ்சராகி, நான்கையும் மாற்றினார். கழற்றிய டயர்களைப் பரிசோதித்த டயர் நிறுவனமான குட்இயரின் ஆட்கள் தேய்மானம் பரவாயில்லை என்று கண்டு, மற்றவர்கள் மாற்றாமலே முடிக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் ப்ரோஸ்ட் டயரைத் தடவிக்கொடுத்து ஓட்டும் ஆள். அவர் டயரை வைத்து மான்செல்லின் டயரை எப்படி அளப்பது? முதலிடத்தில் இருந்த கேகே ரோஸ்பெர்க்கின் காரில் 63வது சுற்றில் பெரும் சத்தம். இன்ஜின் போய்விட்டது என்று நினைத்து ஓரங்கட்டினார், இறங்கிப் பார்த்தால் பிய்ந்திருந்தது டயர். அந்தச் செய்தி மற்ற அணிகளைச் சேர்ந்து, அவர்கள் யோசிப்பதற்குள், அடுத்த சுற்றிலேயே நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் மான்செல்லின் இடது பின் டயர் வெடித்தது. தீப்பொறி பறக்க, மூன்று சக்கரத்தில் அவர் காரைக் கட்டுப்படுத்தி நிறுத்திய காட்சியை இன்று பார்த்தாலும் மனம் பதறும். பயந்துபோன வில்லியம்ஸ் அணி நெல்சன் பிக்கேயையும் உள்ளே கூப்பிட்டது. ப்ரோஸ்ட் ஜெயித்தார். புள்ளிகள்: ப்ரோஸ்ட் 72, மான்செல் 70, பிக்கே 69. சாபமாகத் தெரிந்த அந்த பஞ்சர்தான் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது.

முதலிடத்தில் இருப்பவரின் சங்கடம்

சேஃப்டி கார் வந்தால் முதலில் ஓடுபவருக்குத்தான் ஆபத்து. அவர் எதைச் செய்கிறாரோ அதற்கு நேர்மாறாக இரண்டாமவர் செய்யலாம். 2015 மொனாக்கோவில் கையில் இருந்த வெற்றியோடு ஹாமில்டன் பிட்டுக்குள் போனார். மற்றவர்கள் பிட்டுக்குள் வரவில்லை. அவர் 3வதாக முடித்தார். 2021 அபுதாபியில் ஹாமில்டனும் மேக்ஸ் வெர்ஸ்டப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளியோடு வந்தார்கள். 14வது சுற்றில் போட்ட கடினமான டயரோடு ஹாமில்டன் முன்னிலையில் இருந்தார். 53வது சுற்றில் லத்தீஃபி சுவரில் மோதினார். மெர்சிடிஸ் கூப்பிடவில்லை, ரெட் புல் கூப்பிட்டுப் புது மென்மையான டயர் போட்டது. கடைசிச் சுற்றில் வெர்ஸ்டப்பன் தாண்டினார். இதை மெர்சிடிஸின் தவறு என்று சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வரும். ஹாமில்டன் நிறுத்தியிருந்தால் வெர்ஸ்டப்பன் நிறுத்தாமல் முன்னிலையை எடுத்திருப்பார், சேஃப்டி காருக்குப் பின்னாலேயே பந்தயம் முடிந்திருந்தால் பட்டம் அவருக்கே போயிருக்கும். ஒரு சுற்று பின்தங்கிய கார்களில், இருவருக்கும் இடையே இருந்த ஐந்தை மட்டும் முன்னே விட்ட நடுவரின் முடிவுதான் எல்லாவற்றையும் புரட்டியது. அதில் மனிதத் தவறு இருந்ததாக பந்தயத்தை நெறிப்படுத்தும் அமைப்பான எஃப்ஐஏவின் அறிக்கையே பிறகு சொன்னது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: 36வது சுற்றில் விர்ச்சுவல் சேஃப்டி கார் (கார் இறங்காமலே எல்லோரையும் மெதுவாக்கும் கட்டளை) வந்தபோதும் அவர்கள் நிறுத்தவில்லை. கடைசி வரை அதே டயரில் போக வேண்டிய நெருக்கடி அங்கேயே தொடங்கிவிட்டது.

கைவேலைத் தவறுகளை நீட்ட வேண்டியதில்லை. 2016 மொனாக்கோவில் டேனியல் ரிக்கார்டோ பிட்டில் வந்து நிற்க, அவருக்கான டயர்கள் கராஜின் பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. கடைசி நேரத்தில் ரகத்தை மாற்றினால் அதைத் தூக்கிவர ஆளுக்கு நேரம் வேண்டும். அவ்வளவுதான்.

முடிவை வைத்து முடிவெடுத்தவரை அளப்பதும் ஒரு தவறு, இதைச் செய்யாத ரசிகர் அபூர்வம். 2010 தோல்விக்குப் பிறகு இத்தாலியில் கொந்தளிப்பு. சில வாரங்களில் ஃபெராரி, பந்தயக்களப் பொறியியல் பிரிவின் தலைவர் கிறிஸ் டயரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கியது. 15வது சுற்றில் பிட் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர். வெப்பரைப் பற்றிய பயம் எல்லோருக்கும் இருந்தது. பழி ஒருவர் தலையில் விழுந்தது. 2007-ல் ஷாங்காயில் ஹாமில்டனைத் தாண்டி, ஈர டயரிலிருந்து உலர் டயருக்கு மாறி ஜெயித்து, ஒரே புள்ளியில் ரைக்கோனன் உலகப் பட்டம் வென்றாரே, அந்தப் பருவத்தில் அவருடைய பந்தயப் பொறியாளராக இருந்தவரும் இதே கிறிஸ் டயர்தான்.