மரத்தூளா, உமியா: 1200 பாகை தாங்கும் நுண்துளைத் தீச்செங்கல் செய்யும் முறை

அலுமினியமோ பித்தளையோ உருக்கும் சிறு உலை, மட்பாண்டச் சூளை ஆகியவற்றின் உள்சுவருக்குச் சூட்டை வெளியே விடாத கல் வேண்டும். சூட்டை மறிப்பது கல்லுக்குள் அடைபட்ட காற்று. ஏறக்குறைய 1000 பாகை செல்சியசுக்கு மேல் பெரிய துளைகளுக்குள்ளால் வெப்பக் கதிர்வீச்சு தாண்டிப் போய்விடும் என்பதால், துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. களியோடு எரியும் பொருளைக் கலந்து, சுடும்போது அதை எரித்துவிட்டால் துளை வந்துவிடும். எரிந்தபின் எது மிஞ்சுகிறது என்பதில்தான் கல் எவ்வளவு சூடு தாங்கும் என்பது கிடக்கிறது.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய், கிண்ணியா அரிசி ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் உமி எரிந்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. கூடவே இருக்கும் பொட்டாசியம், சூடு ஏற ஏறக் களியோடு சேர்ந்து கண்ணாடிபோல இளகும். கல் சுருங்கித் தொய்ந்துவிடும். மரத்தூளில் மிஞ்சும் சாம்பல் பொதுவாக நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. ஆகவே நெருப்பைப் பார்க்கும் வரிசைக்கு மரத்தூள். அதன் பின்னால் 1000 பாகைக்குள் நிற்கும் வரிசைக்கு, அரைத்த உமி. வள்ளம் திருத்தும் இடத்துத் தூள் வேண்டாம், உப்பும் பெயின்டும் ஏறியிருக்கும். ரெஜிபோம் (பொதி கட்டப் பயன்படும் வெண்ணுரைப் பிளாஸ்டிக்) மணிகளும் துளை தரும், ஆனால் அந்தப் புகையை வளவுக்குள் விடுவது சரியல்ல.

நான்கைந்து கல்லுக்கு:

கயோலின் 4 கிலோ (பொரலஸ்கமுவ, மீட்டியாகொட வெண்களி)
பந்துக்களி, அதாவது ஒட்டுந்தன்மை கூடிய நுண்களி, 2 கிலோ
குரோக், அதாவது சுட்டு நொறுக்கிய தீச்செங்கல் தூள், 1 மில்லிமீற்றருக்குள் 3 கிலோ
1 மில்லிமீற்றர் அரிதட்டில் சலித்த மரத்தூள் 1.5 கிலோ
தண்ணீர் 4.5 முதல் 5 லீற்றர்

செங்கல் சூளைச் சிவப்பு மண்ணில் இரும்பு கூட. 1100 பாகையை அண்டும்போதே இளகத் தொடங்கும். புல்மோட்டைக் கறுப்பு மணலில் சூடு நன்கு தாங்கும் சிர்க்கோன் என்ற கனிமம் உண்டுதான், ஆனால் பெரும்பங்கு இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். கரையிலிருந்து அள்ளிப் போட்டால் கல் கெடும். பிரித்தெடுத்து மாவாக அரைத்த சிர்க்கோன் கிடைத்தால் வைத்திருங்கள், பிறகு பூச்சுக்கு உதவும். தண்ணீர் குழாய்நீராக இருக்கட்டும். உவர்க் கிணற்று உப்பும் களியை இளக்கும்.

மரத்தூளை முதல் நாளே 3 லீற்றர் தண்ணீரில் ஊறவிடுங்கள். காய்ந்த தூளைப் போட்டால், அது களியின் ஈரத்தை உறிஞ்சி அச்சுக்குள்ளேயே வீங்கும். கல்லில் மயிர்வெடிப்பு விழும். களித்தூளையும் குரோக்கையும் உலர்வாகக் கலந்து, ஊறிய தூளைச் சேர்த்து, மிச்சத் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுங்கள். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. தூசி பறக்கும் வேலைக்கு நுண்தூசு மறிக்கும் முகமூடி கட்டாயம். துணி கட்டினால் சிலிக்கா தூசி நிற்காது.

காய்ந்து சுட்டு முடியும்போது கல் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். 230×114×64 மில்லிமீற்றர் கல் வேண்டுமென்றால் அச்சு 255×127×71. மூலைகளை முதலில் அழுத்தி நிரப்புங்கள்.

கச்சான் காற்றில் கல் ஒரே நாளில் காய்ந்ததுபோலத் தெரியும். விளிம்பு காய்ந்து நடு ஈரமாக நிற்கும், அந்த இழுவையில் வெடிக்கும். முதல் மூன்று நாள் சாக்கு போர்த்தி நிழலில் வைத்து, தினமும் புரட்டுங்கள். மாரியில் அதே கல்லுக்கு இரண்டு வாரமும் போதாது, 110 பாகையில் வைத்து உலர்த்துவதே வழி.

சுடும்போது 200 பாகை வரை மணிக்கு 50 பாகை வீதம் ஏற்றுங்கள். அதிலிருந்து 600 வரை மணிக்கு 40க்கு மேல் வேண்டாம், காற்று வழிகள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். மரத்தூள் எரிவதும், களியின் கட்டுநீர் (களியோடு வேதியியலாகப் பிணைந்த நீர்) பிரிவதும், குவாட்சு 573 பாகையில் வடிவம் மாறுவதும் இந்த இடைவெளிக்குள்தான். பெரும்பாலான கற்கள் கெடுவதும் இங்கேதான். 600இல் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். அவசரப்பட்டால் நடுவில் கரி அகப்பட்டு நிற்கும். உடைத்துப் பார்த்தால் கறுத்த நெஞ்சு. பிறகு மேற்பரப்பு இறுகியதும் அந்தக் கரியின் வாயு வெளியேற வழியின்றிக் கல் ஊதும். அதற்குமேல் மணிக்கு 100 வீதம் 1250 வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் பிடித்து, மூடியபடியே ஆறவிடுங்கள். கே வகைத் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) இந்தச் சூட்டில் பிழை காட்டத் தொடங்கும், குறித்த சூட்டில் வளைந்து காட்டும் சூளைக் கூம்பு ஒன்றையும் வையுங்கள். சுட்ட சூட்டைவிட அதிக சூட்டில் கல்லைப் பயன்படுத்தினால் மறுபடி சுருங்கும். எனவே இது 1200 வரைக்குத்தான்.

துளை அளவைத் தராசால் அறியலாம். உலர்ந்த எடை உ, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து ஆறியபின் நீருக்குள் தொங்கவிட்ட எடை தொ, வெளியே எடுத்து ஈரத்துணியால் துடைத்த எடை ஈ. (ஈ − உ)ஐ (ஈ − தொ)ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். உ 1000 கிராம், தொ 610, ஈ 1600 என்றால் துளை 60.6 சதவீதம். 50க்குக் கீழே வந்தால் அடுத்த கலவையில் மரத்தூளைக் கூட்டுங்கள். 70ஐத் தாண்டினால் விளிம்பு விரலிலேயே உதிரும்.

உருகிய உலோகமும் கசடும் விறகுச் சாம்பலும் இந்தத் துளைகளுக்குள் ஊறி அரிக்கும். உலோகம் சிந்தக்கூடிய அடித்தளத்துக்கு அடர்ந்த தீச்செங்கல், அதன் பின்னால்தான் இது. மற்றச் சுவர்களில் சிர்க்கோன் மாவு மூன்று பங்கு, கயோலின் ஒரு பங்கு குழைத்து, கல்லை நனைத்தபின் மெல்லிய தாளளவு பூசுங்கள். தடித்துப் பூசினால் முதல் சூட்டிலேயே உரிந்து விழும்.