நாய் மலம் தின்னும் பழக்கம்: காரணம் அறிதலும் நிறுத்துதலும்

வீட்டில் பிள்ளையைப் போல வளர்க்கும் நாய், தோட்டத்து மூலையில் தன் மலத்தையோ வேறொரு நாயின் மலத்தையோ தின்பதைக் கண்டதும் முதலில் அருவருப்பு எழும். அடுத்து, நாம் சரியாகச் சோறு போடவில்லையோ என்ற குற்ற உணர்ச்சி வரும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எங்கே போகும் என்பதற்கு நம்மிடம் ஒரு பழமொழியே உண்டு. அதை நம்பி, இது மாறாத பிறவிக்குணம் என்று கைவிட்டுவிடக் கூடாது. பழக்கத்தின் வேர் இயற்கையில் இருப்பது உண்மைதான். ஆனால் நாயின் வாய் எட்டுவதற்கு முன் மலத்தை அகற்றுவதும், மலம் கழித்த உடனே நாய் நம்மிடம் திரும்பி வரப் பழக்குவதும் முழுக்க முழுக்க நம் கையில்தான் இருக்கின்றன.

தாய் நாய், குட்டிகள் ஈன்ற முதல் சில வாரங்களுக்கு, அவற்றின் அடிப்பகுதியை நக்கிச் சிறுநீரும் மலமும் வெளியேறச் செய்து, அவற்றைத் தானே உட்கொண்டு படுக்கையைத் தூய்மையாக வைத்துக்கொள்கிறது. இதைத் தடுக்கக் கூடாது. கண் திறந்து நடமாடத் தொடங்கிய குட்டிகளும் எதையும் வாயில் வைத்தே அறிகின்றன என்பதால் மலத்தையும் சுவைத்துப் பார்க்கும். அவற்றில் பல, வளர வளரத் தாமாகவே விட்டுவிடும். வளர்ந்த நாய்களைப் பற்றி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் தலைமையிலான குழுவினர், நாய் வளர்ப்போர் ஏறத்தாழ 3,000 பேரிடம் கேட்டறிந்து 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதன்படி நூற்றுக்கு 16 நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை; அவை தின்றதில் மிகப் பெரும்பகுதி, கழித்து இரண்டு நாட்களுக்கு உட்பட்ட மலம். மலத்தோடு வெளிவரும் புழு முட்டைகள் பலவும் தொற்றும் நிலைக்கு முதிர்வதற்குச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், ஓநாய் மூதாதைகள் தங்கள் குகையருகே கிடக்கும் புது மலத்தைத் தின்று அகற்றிய பழக்கத்தின் மிச்சமே இது என்பது அவர்களுடைய கருத்து. உணவு வகைக்கும் இப்பழக்கத்துக்கும் அவர்கள் தொடர்பு காணவில்லை. உணவை அவசரமாக விழுங்கும் நாய்களிடம் இது கூடுதலாகத் தென்பட்டது.

இயற்கைதானே என்று மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடவும் கூடாது. இதுவரை இப்பழக்கம் இல்லாத வளர்ந்த நாய் திடீரென்று மலம் தின்னத் தொடங்கினால், முதல் வேலையாக அன்றைய மலத்தில் சிறிதளவைச் சுத்தமான மூடியிட்ட டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடற்புழுக்கள் சத்தை உறிஞ்சுவதாலும், நீரிழிவு, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உடலில் மிகையாகும் குஷிங் நோய் போன்றவற்றாலும் நாய்க்கு அடங்காப் பசி எடுக்கும். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளும், வலிப்புக்குத் தரும் பினோபார்பிட்டோனும் பசியைத் தூண்டும். அப்படி எதையாவது கொடுத்துவருகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்போர், கணையம் செரிமான நொதிகளைப் போதிய அளவு சுரக்காத கணையச் சுரப்புக் குறைபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தட்டில் வைத்ததை எல்லாம் தின்றும் விலா எலும்பு தெரிய இளைத்துப்போவதும், வெளிறிய, எண்ணெய்ப் பசையுள்ள, கடும் நாற்றமடிக்கும் மலத்தை ஏராளமாகக் கழிப்பதும் அதன் அடையாளங்கள். செரிக்காத கொழுப்பும் புரதமும் அந்த மலத்தில் அப்படியே இருப்பதால் நாய்க்கு அது உணவாகவே தோன்றுகிறது. இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டறிந்து, செரிமான நொதிப் பொடியை ஒவ்வொரு வேளை உணவிலும் கலந்து கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும்.

நோயில்லை என்று தெரிந்த பிறகு நாயின் அன்றாடத்தைப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் மொட்டை மாடியிலோ குறுகிய கூண்டிலோ கட்டிக்கிடக்கும் நாய்க்குத் தன் மலத்தைத் தவிர முகரவும் புரட்டவும் வேறெதுவும் இல்லாமல் போகிறது. காலையும் மாலையும் நடை, கடிக்க ஒரு பொருள், வீட்டு மனிதர்களோடு சிறிது விளையாட்டு ஆகியவை இல்லாமல் மற்ற முயற்சிகள் நிலைக்காது. வெறும் பால்சோறும் தயிர்சோறும் போட்டு வளர்ப்பவர்கள் முட்டை, கோழி இறைச்சி போன்ற புரதத்தைச் சேர்ப்பது நாயின் உடலுக்கு எப்படியும் தேவை; ஆனால் அதனால் மட்டுமே இப்பழக்கம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகவும், குட்டிக்கு மூன்று நான்கு வேளையாகவும், நேரம் தவறாமல் வையுங்கள். உணவு நேரம் நிலையாக இருந்தால் மலம் கழிக்கும் நேரமும் நிலைப்படும். குட்டிகள் பெரும்பாலும் தின்ற அரைமணி நேரத்துக்குள் கழித்துவிடும்.

அந்த நேரத்தில் நீங்கள் அருகில் இருப்பதே சிகிச்சையின் பாதி. நாயைத் தனியாகத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது முந்திக்கொள்ளும். கழுத்துப்பட்டியில் கயிறு மாட்டி அழைத்துச் செல்லுங்கள். இன்னொரு கையில் பழைய செய்தித்தாளோ பையோ இருக்கட்டும், சட்டைப்பையில் வேகவைத்த கோழியைச் சுண்டல் அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் முதுகை வளைத்து உட்காரும்போது பேசாமல் நில்லுங்கள். முடித்து எழுந்ததும், அது திரும்பித் தரையை முகர்வதற்கு முன்பாக, மகிழ்ச்சியான குரலில் பெயர் சொல்லி அழைத்து, இரண்டு மூன்று அடி பின்னால் நகர்ந்து, உங்களிடம் வந்ததும் ஒரு துண்டைக் கொடுங்கள். அடுத்த துண்டுகளைச் சற்றுத் தள்ளித் தரையில் சிதறவிட்டு, அது பொறுக்கித் தின்னும் நேரத்தில் மலத்தை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படியே செய்துவந்தால், கழித்து முடித்ததும் மலத்தை நோக்கித் திரும்பும் தலை உங்கள் சட்டைப்பையை நோக்கித் திரும்பத் தொடங்கும். இது சில வாரங்கள் பிடிக்கும் வேலை. வீட்டில் அழைத்துச் செல்லும் ஒவ்வொருவரும் இதே முறையைக் கையாள வேண்டும்.

கூடவே 'விடு' என்ற சொல்லையும் வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் கற்றுக்கொடுங்கள். ஒரு தின்பண்டத்தைக் கைக்குள் மூடி நாயின் மூக்கருகே நீட்டினால் அது நக்கும், பிராண்டும், மூக்கால் முட்டும், கையைத் திறக்காதீர்கள். ஒரு கணம் முகத்தைப் பின்னுக்கு இழுத்ததும் மறு கையிலிருந்து அதைவிடச் சுவையான துண்டைக் கொடுங்கள். முகத்தை விலக்குவது பழக்கமான பிறகு 'விடு' என்பதைச் சேர்த்து, பின்னர் தரையில் வைத்த பண்டத்துக்கும், கடைசியாகத் தெருவில் கிடப்பதற்கும் கொண்டுபோகலாம்.

அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, மூக்கை மலத்தில் தேய்க்கவே கூடாது. ஓடிவந்து பறிக்க முயன்றால், கிடைத்ததை அவசரமாக விழுங்கிவிடவும், அடுத்த முறை மறைவில் போய்க் கழித்துத் தின்னவும்தான் நாய் கற்றுக்கொள்ளும். மிளகாய்ப்பொடி தூவுவதும் நாயின் கண்ணையும் வாயையும் எரிக்கும் கொடுமை. உணவில் கலந்தால் மலம் கசக்கும் என்று விற்கப்படும் பொடிகள், மாத்திரைகள் பதினொன்றைப் பற்றி மேற்சொன்ன ஆய்வு கேட்டறிந்தபோது, பலன் கிடைத்தது என்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை. அதட்டுவது, 'விடு' என்று பழக்குவது போன்ற முறைகளிலும் பலன் கண்டவர்கள் மிகச் சிலரே. மலத்தை உடனுக்குடன் அகற்றாமல் பயிற்சியை மட்டும் நம்பியிருப்பது போதாது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தெருவில் கிடக்கும் மற்ற நாய்களின் மலமே உண்மையான ஆபத்து. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ வைரஸும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் அதன் வழியாகப் பரவும். பழைய மலத்தில் உருண்டைப்புழு முட்டைகள் முதிர்ந்து கிடக்கும். மாட்டுச் சாணத்தைச் சிறிது நக்குவதால் பெரும்பாலும் கேடில்லை என்றாலும், ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி நீக்க மருந்து கொடுத்த மாட்டின் சாணம் கோலி இன நாய்களுக்கு நஞ்சாகலாம். பூனை வளர்ப்போர் அதன் மணல் தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்; கட்டியாகும் மணலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். நடையின்போது கட்டுப்படுத்தவே முடியாத நாய்க்குக் கூடை வடிவ வாய்க்கூடு உதவும். அது வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடம் தருவதாக இருக்க வேண்டும்; நம் ஊர் வெயிலில் வாயை இறுக்கும் துணிக்கூடு உயிருக்கே ஆபத்து.

இப்பழக்கம் உள்ள நாய்க்குத் தடுப்பூசிகள் தவறக் கூடாது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். மலத்தைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் நீர் குடிக்க வைத்து, வாயைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அன்றைக்குக் குழந்தைகளின் முகத்தை நக்க விடாதீர்கள். இரண்டு நாய்கள் உள்ள வீட்டில், ஒன்றின் மலத்துக்காக மற்றொன்று காத்திருப்பதுண்டு. அங்கே இரண்டையும் தனித்தனியே வெளியில் அழைத்துச் செல்வதிலிருந்து தொடங்குங்கள்.